கலர் கமராவும் அரக்குக் கூறையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் கமராக்களின் வரலாறு பற்றி அரைப் பக்கக் கட்டுரை ஒன்று போட்டிருந்தீர்கள். "1970களில் கலர் கமரா வந்ததும் கறுப்பு வெள்ளைக் கமராக்கள் மூலைக்குப் போயின" என்று அதில் ஒரு வரி. கல்லடியில் 31 வருடம் ஸ்ரூடியோ வைத்திருந்தவன் நான். அந்த மூலை எங்கே இருக்கிறது என்று எழுதியவர் காட்டினால் போய்ப் பார்க்கலாம்.

என்னிடம் இருந்தது ஒரேயொரு யாஷிகா கமரா. காலையில் அடையாள அட்டைப் படங்களுக்குக் கறுப்பு வெள்ளை ரோல் போடுவேன். பின்னேரம் கலியாண வீட்டுக்கு அதே பெட்டியில் கலர் ரோல். நிறம் இருந்தது பிலிமில். பத்திரிகை நடத்தும் உங்களுக்கு இது தெரியாததா? கொடாக்குரோம் என்ற கலர் பிலிம் 1935லேயே வந்துவிட்டது. எங்கள் பக்கம் கலர் தாராளமாகக் கிடைத்தது 77இல் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகுதான்.

கிடைத்து என்ன, இங்கே கழுவ வழியில்லை. கறுப்பு வெள்ளை மருந்துக்கு 20 பாகை செல்சியஸ் வேண்டும். மட்டக்களப்பு வெக்கைக்கு ஐஸ் கட்டியைத் தட்டில் போட்டுச் சமாளித்துவிடுவேன். கலர் மருந்துக்கு 38 பாகை. கொஞ்சம் ஏறி இறங்கினாலும் முகமெல்லாம் வேறு நிறமாகிவிடும். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத இருட்டறையில் அதை வைத்து விளையாட முடியுமா? கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். பாதை பூட்டிய காலங்களில், பிள்ளை பிறந்த பிறகு கலியாணப் படம் கைக்கு வந்த தம்பதிகளும் உண்டு.

கட்டுரை அதோடு நிற்கவில்லை. இன்றைய போன்களில் இருப்பதுதான் "அசல் கலர் கமரா"வாம். போனுக்குள் பிலிமுக்குப் பதிலாக இருக்கும் சிப்புக்கு வெளிச்சம் கூடவா குறையவா என்பது மட்டுமே தெரியும், ஐயா. அதன் மேல் பொடிப்பொடியாக நிறக் கண்ணாடிகள் பதித்திருக்கிறார்கள்: நாலுக்கு இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கொடாக் கம்பனியில் இருந்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வேலை அது. ஒவ்வொரு புள்ளியிலும் மிச்ச இரண்டு நிறத்தைப் போன் கணக்குப் போட்டு நிரப்புகிறது. 1861இல் விஞ்ஞானி மக்ஸ்வெல் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வடிகட்டி வைத்துச் செய்து காட்டிய வித்தையின் பேரன்தான் இதுவும்.

சரி, வரலாற்றை விடுங்கள். கட்டுரைக்கு மேலே போட்ட படத்துக்கு வருகிறேன். அது நான் எடுத்த படம்.

78 சூறாவளி நினைவு இதழுக்குப் படம் கேட்டீர்கள். ஒரே தென்னந்தோட்டத்தின் இரண்டு படங்களை உங்கள் கிளை அலுவலகத்துக்கு நானே கொண்டுவந்து தந்தேன். ஒன்றில் தென்னைகள் நிற்கின்றன, முன்னால் மாப்பிள்ளையும் பொம்பிளையும். மற்றதில் ஒரு மரம் நிமிர்ந்து இல்லை. விழுந்த தோட்டத்தை மட்டும் போட்டு, கீழே "படம்: இணையம்" என்று அச்சிட்டீர்கள். அப்போது எழுதிய கடிதம் பிரசுரமாகவில்லை. இடம் இல்லாமல் இருந்திருக்கும்.

இப்போது கலியாணப் படத்தைக் கம்பியூட்டரில் போட்டு நிறம் பூசியிருக்கிறீர்கள். கூறைச் சேலை நீலமாம்! பிரிண்டுக்குக் கையால் நிறம் தீட்டுவது எங்கள் தொழிலிலும் இருந்ததுதான். ஆனால் குச்சியில் பஞ்சைச் சுற்றுவதற்கு முதல் பொம்பிளையின் தாயிடம் கேட்போம், "சேலை என்ன நிறம், கரை என்ன நிறம்?" கேட்டதைப் பின்பக்கம் பென்சிலால் குறித்து வைப்போம். அந்தப் படத்தையும் திருப்பிப் பாருங்கள். "அரக்கு, மஞ்சள் கரை" என்று என் கையெழுத்தில் இருக்கும். அந்த அம்மா இன்றும் எங்கள் ஒழுங்கையில்தான் இருக்கிறார். பேப்பரைக் கொண்டுவந்து காட்டி, "தம்பி, இது ஆருடைய கலியாணம்?" என்று என்னிடமே கேட்டார்.

திருத்தம் போடுங்கள் என்று கேட்க மாட்டேன். அந்த இரண்டு பிரிண்டுகளையும் திருப்பி அனுப்பினால் போதும். நெகடிவ்கள் 2004இல் கடலோடு போய்விட்டன. அனுப்புகிற செலவும் உங்களுக்கு வேண்டாம். தரும்போதே என் முகவரி எழுதி, முத்திரை ஒட்டிய உறையில் போட்டுத்தான் தந்தேன்.

இப்படிக்கு,
பழைய படப்பிடிப்பாளர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.