பழைய லாண்ட் றோவரைத் திருத்துவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 இல் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்ட பின்னர், குருநகரில் எங்கள் வளவில் நின்ற தகப்பனாரின் லாண்ட் றோவரை நானே திருத்தத் தொடங்கினேன். அலுமினியக் கலப்புலோக உடல் துருவேறாது என்பது உண்மையே. ஆயினும் அடிச்சட்டகம் உருக்கு என்பதால் எமது உப்புக்காற்றில் அது உள்ளிருந்தே உக்குவதுடன், அலுமினியமும் உருக்கைத் தொடும் இடங்களில் வெண்பொடியாக அரிக்கப்படுகிறது. ஆகவே நிறம் அடிக்குமுன் சட்டகத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். (நான் நிறத்தையே முதலில் அடித்தேன், பணம் வீணாயிற்று.) பற்றரிக்கு மின்னேற்றும் டைனமோவுக்குப் பதிலாக அதே வேலையைச் செய்யும் புதுவகை ஓல்டனேற்றர் பூட்டுவோர், பழைய வண்டிகள் பலவற்றில் பற்றரியின் நேர்முனையே உடலுடன் இணைந்திருப்பதைக் கவனியாவிடின் ஓல்டனேற்றரினுள் இருக்கும் டையோடுகள் (மின்னை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் பாகங்கள்) எரிந்துபோகும். வலுக்கூடிய எஞ்சின் பொருத்த விரும்புவோர், அதற்கு முன்னரே டிரம் பிரேக்குகளை டிஸ்க் பிரேக்குகளாக மாற்றிக்கொள்வது நன்று.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.