மோட்டார் போச்சு என்று சொல்வதற்கு முன்

கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் ஊர்களில் ரிமோட் கார் விற்கும் கடைக்கார அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

உங்கள் கடைகளில் இப்போது குலுக்கலைத் தாங்கும் ஆயில் ஷாக், மெட்டல் டிஃபரென்ஷியல் (வண்டி திரும்பும்போது இரண்டு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரத் தொகுதி), நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி எல்லாம் கிடைக்கிறது. விலை பல ஆயிரம். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைகள். சீசனில் மாங்கூழ் ஆலை வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் வாங்கியவனும் இருக்கிறான். ஆனால் வண்டி நின்றுபோய்த் திரும்பக் கொண்டுவந்தால், கவுண்டரில் அவனுக்குக் கிடைக்கிற பதில் அநேகமாக ஒன்றுதான்: "மோட்டார் போச்சு தம்பி, புதுசு எடுத்துக்கோ." அந்தப் பதிலை மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல்.

நான் ஓசூர்ப் பக்கம் கியர் வெட்டும் பட்டறையில் வேலை செய்கிறேன். காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி இப்படித் திருப்பி அனுப்பப்பட்ட வண்டியை என்னிடம் கொண்டுவந்தான். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் மோட்டார் வீல் என்று கத்துகிறது, வண்டி நகரவில்லை. கத்துகிற மோட்டார் எப்படிச் செத்த மோட்டார் ஆகும்? கியர் மூடியைக் கழற்றினோம். மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனைப் பிடித்து நிறுத்தும் கிரப் ஸ்க்ரூ தளர்ந்து, பினியன் தண்டின் நுனிக்கு நகர்ந்திருந்தது. பினியன் சுற்றிவிடும் பெரிய பல்சக்கரமான ஸ்பரில், பல்லின் ஓரம் மட்டும் மாவு மாதிரித் தேய்ந்திருந்தது. நடுப்பல் அப்படியே புதுசு. தண்டின் தட்டையான பக்கத்தில் ஸ்க்ரூ உட்காரும்படி பினியனைத் திருப்பி வைத்து, ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் நீல நிற லாக் திரவம் ஒரு சொட்டு விட்டு, 1.5 மி.மீ. ஆலன் கீயால் இறுக்கினோம். வண்டி ஓடியது. ஸ்பரை மட்டும் பிறகு மாற்றினால் போதும்.

கியர் இடைவெளியைப் பற்றி விற்கும்போதே யாராவது ஒரு வார்த்தை சொன்னால் பாதி வண்டிகள் உங்களிடம் திரும்பி வராது. நோட்டுத் தாளில் ஒரு கீற்று கிழித்து பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவில் விட்டு, மோட்டாரை அழுத்திப் பிடித்து அதன் இரண்டு ஸ்க்ரூவையும் இறுக்கிவிட்டு, தாளை உருவுங்கள். ஸ்பரை விரலால் லேசாக ஆட்டினால் 'டிக்' என்று நூலளவு ஆட்டம் தெரிய வேண்டும். ஒரே இடத்தில் பார்த்து விட்டுவிடாதீர்கள். ஸ்பர் எல்லாப் பக்கமும் ஒரே வட்டமாக இருக்காது, அதனால் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டும். இறுக்கமாக வைத்தால் மோட்டார் சூடேறி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் தானாகவே நிறுத்திவிடும். அதைப் பார்த்துத்தான் பேட்டரி கோளாறு என்று சொல்லிவிடுகிறார்கள். தளர்வாக வைத்தால் பல் உதிரும்.

அப்புறம், பினியன் தனியாகக் கேட்டு வருகிறவனுக்குக் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுக்காதீர்கள். பிட்ச், மாட்யூல் என்பவை பல்லின் அளவைச் சொல்லும் இரண்டு முறைகள். 48 பிட்ச் பல்லும் 0.6 மாட்யூல் பல்லும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்றோடொன்று சேராது. இரண்டும் சேர்ந்து ஓடினால் பிளாஸ்டிக் ஸ்பர்தான் முதலில் போகும். பாக்கெட் மேல் பிட்ச் என்ன, பல் எத்தனை என்று எழுதி வைத்தால் போதும்.

டிஃபரென்ஷியல் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. நம்ம ஊர் லாரி மெக்கானிக் யாரைக் கேட்டாலும் லாரி டிஃபரென்ஷியலின் கிரௌன், பினியன் பல்சக்கரங்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். உங்கள் கடையில் இருப்பதும் அதே வேலையைச் செய்கிற பொருள்தான், அளவுதான் சின்னது. வண்டியைத் தூக்கிப் பிடித்து ஒரு பின்சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றினால் மறுசக்கரம் பின்னோக்கிச் சுற்றும். இது கோளாறு இல்லை, டிஃபரென்ஷியல் அப்படித்தான் வேலை செய்யும். இதைப் பார்த்துவிட்டு நல்ல டிஃபரென்ஷியலைக் கழற்றிப் போட்டுப் புதுசு விற்றிருக்கிறார்கள். கோளாறு வேறு மாதிரி தெரியும்: ஸ்பரை அசையாமல் பிடித்துக்கொண்டு ஒரு சக்கரத்தைச் சுற்றும்போது மறுசக்கரம் சும்மா நின்றாலோ, உள்ளே 'கடக் கடக்' என்று தாண்டினாலோ திறந்து பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே சக்கரத்தை அச்சோடு பிடித்து வைக்கும் 12 மி.மீ. அறுகோணத் துண்டான ஹெக்ஸைப் பாருங்கள். அதன் குறுக்கே போகும் சின்னக் கம்பியான 'பின்' விழுந்திருந்தாலோ, ஹெக்ஸின் உள்பக்கம் தேய்ந்து வட்டமாகியிருந்தாலோ, அச்சு மட்டும் சுற்றும், சக்கரம் நிற்கும். மாற்ற ஆகும் செலவு கொஞ்சம்தான்.

நம்ம மாவட்டத்து மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரியில் கிரானைட் அறுக்கும் இடங்களைச் சுற்றிப் பிள்ளைகள் வண்டி ஓட்டுகிறார்கள். அந்தத் தூசி மாவு போல இருந்தாலும் உரசித் தேய்க்கிற தூசி. திறந்திருக்கும் பிளாஸ்டிக் ஸ்பரில் கிரீஸ் தடவிக் கொடுக்காதீர்கள். தூசி அதில் ஒட்டி, பல்லை உப்புத்தாள் போட்ட மாதிரி அரைத்துவிடும். உலர்ந்தே ஓடட்டும். மூடிய டிஃபரென்ஷியலுக்குள்தான் கிரீஸும் சிலிக்கான் ஆயிலும்.

சஸ்பென்ஷனில் வருகிற புகார், "வண்டி ஒரு பக்கம் இழுக்குது" என்பது. உடனே முன்சக்கரத்தைத் திருப்பும் சர்வோவைக் குறை சொல்கிறோம். நாலு சக்கரத்தையும் தூக்கிப் பிடித்து ஒவ்வொன்றாகச் சுற்றிவிட்டால், சீக்கிரம் நிற்கிற சக்கரத்தில் பேரிங் போயிருப்பது தெரிந்துவிடும். அது சரியாக இருந்தால் ஷாக்கைக் கழற்றுங்கள். சக்கரத்தைத் தாங்கும் கை மாதிரியான ஆர்ம் தன் எடையிலேயே கீழே விழ வேண்டும். பாதியில் நின்றால் ஆர்முக்கு உள்ளே போகும் கம்பியான 'பின்' வளைந்திருக்கிறது. அந்தப் பின்னை உருவி உங்கள் கண்ணாடிக் கவுண்டர் மேல் உருட்டிவிடுங்கள். நடுவில் குதித்துக் குதித்து ஓடினால் வளைவு. நிமிர்த்தப் பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஓசூரில் எந்த லேத் பட்டறையிலும் அதே தடிமன் எஃகுக் கம்பியில் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் ஸ்பிரிங் அழுத்தம் சமமா என்பதையும் பாருங்கள். ஒரு பக்கத்து ஸ்பிரிங்கை அழுத்தி வைக்கும் கிளிப் காட்டில் விழுந்து காணாமல் போனதுதான் பல சமயம் முழுக் கதையும்.

ஷாக் ஆயிலுக்குப் பதில் பைக் ஃபோர்க் ஆயில் ஊற்றிக் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். பல ஷாக்குகளில் இருப்பது சிலிக்கான் ரப்பர் வளையமான ஓ-ரிங். பெட்ரோலிய ஆயில் பட்டால் ஊதிப்போய்த் தண்டைப் பிடித்துக்கொள்ளும். சிலிக்கான் ஆயில் ஊற்றி, பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் நகர்த்தி, கொஞ்ச நேரம் அப்படியே நிறுத்திக் குமிழி எல்லாம் மேலே வந்தபிறகு மூடுங்கள். அழுத்தும்போது 'சளக்' என்று சத்தம் வந்தால் உள்ளே காற்று இருக்கிறது. சித்திரை வெயிலில் ஆயில் இளகும். வெயிட் என்பது ஆயிலின் கெட்டி எண், எண் கூடினால் கெட்டி கூடும். அப்போது 30 வெயிட் போட்டுக் குதிக்கிற வண்டிக்கு 40 போட்டால் நிதானப்படும். கடைசியாக, ஓர் அடி உயரத்திலிருந்து வண்டியைச் சமமாகப் போட்டுப் பாருங்கள். விழுந்தவுடன் அமர வேண்டும், பந்து மாதிரி எழும்பக் கூடாது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய முதலீடு இல்லை. நீங்கள் விற்கும் மாடல்களுக்கான பினியன், ஸ்பர், பேரிங், ஹெக்ஸும் அதன் பின்னும், ஓ-ரிங், 30, 40 வெயிட் ஆயில் இவ்வளவும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடங்கிவிடும். இப்போது இதற்காகப் பிள்ளைகள் பெங்களூருக்குப் பஸ் ஏறுகிறார்கள், இல்லையென்றால் ஆன்லைனில் தவறான அளவை வாங்கிவிட்டுத் தவிக்கிறார்கள். விற்கும்போது அந்த மாடலின் பிட்ச், பல் எண்ணிக்கை, பேரிங் அளவு மூன்றையும் பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள்.

கடைப் பையன்களுக்கு கியர் இடைவெளி வைக்கவும் ஷாக் நிரப்பவும் கற்றுக்கொடுக்க நான் தயார். ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு விடுமுறை. கட்டணம் வேண்டாம். திரும்பி வந்த, 'போச்சு' என்று ஒதுக்கிய வண்டிகள் உங்கள் பரணில் இருந்தால் அவற்றையே பாடத்துக்கு எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஓசூரிலிருந்து ஒரு கியர் பட்டறைத் தொழிலாளி