உன் பெட்டியும் என் பெட்டியும்

யாழ்ப்பாணம்
கார்த்திகை, மழை விட்ட ஒரு பின்னேரம்

அன்பின் மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதம் கிடைத்தது. நீயும் ஒரு ஹியூமிடோர், அதுதான் சுருட்டை ஈரப்பதம் கெடாமல் வைக்கிற மரப்பெட்டி, வாங்கிவிட்டாய் என்று வாசித்ததும் எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது எனக்கு ஒன்றைக் கொண்டுவந்து தந்துவிட்டு, "இந்தச் சீராட்டெல்லாம் எனக்குச் சரிவராது, நீ வைத்துக்கொள்" என்று சொன்ன ஆள் நீ. இப்போது உன் பெட்டிக்குள் ஈரம் நிற்குதில்லை, ஈரப்பதம் 55 வீதத்துக்கு இறங்கிவிட்டது என்று என்னிடமே முறையிடுகிறாய். எனக்கோ அதற்கு நேர்மாறான தலையிடி. போன கிழமை மழை தொடங்கியதிலிருந்து என் பெட்டி மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது.

ஊர்ப் புதினம் பெரிதாக ஒன்றும் இல்லை. கிணறு கட்டுக்குக் கிட்ட வந்துவிட்டது. ஒழுங்கையில் முழங்கால் அளவு வெள்ளம் நின்று இன்றைக்குத்தான் வடிந்தது. உன் அக்கா வீட்டு மதிலோரத்து முருங்கை சரிந்துவிட்டது, ஆட்களுக்கோ மதிலுக்கோ சேதம் இல்லை. மற்றதெல்லாம் பழையபடிதான். ஆகவே நேரே பெட்டிக்கு வருகிறேன்.

பெட்டியோடு வந்த சின்னப் புத்தகத்தை நீயும் வாசித்திருப்பாய். முதலில் மரத்துக்கு ஈரம் ஏற்று, பிறகு சுருட்டை வை என்கிறது. குளிர் நாட்டில் இருக்கிற உன் வீட்டுக்கு அது அப்படியே பொருந்தும். வெளியே உறைகிற குளிரில் காற்றுக்குள் தண்ணீர் மிகக் குறைவு. அந்தக் காற்றை உள்ளே எடுத்து 21, 22 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 30க்கும் கீழே போய்விடும். அந்த வீட்டில் கிடக்கிற காய்ந்த மரப்பெட்டிக்குள் சுருட்டை வைத்தால், மரம் தன் தாகத்தை உன் சுருட்டிலிருந்துதான் தீர்த்துக்கொள்ளும். உன் 55க்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சுருட்டுகளை வெளியே எடுத்து, இழுத்துப் பூட்டுகிற பொலித்தீன் பையில் ஈரத்தை ஒரே அளவில் வைக்கிற ஒரு ஈரப்பொதியோடு போட்டு வை. வெறும் பெட்டிக்குள் 84 வீதம் என்று போட்ட போவெடாக் கம்பனிப் பொதியை வைத்து இரண்டு கிழமை மூடிவிடு. இடையில் திறந்து பார்க்காதே, உன் பொறுமை எனக்குத் தெரியும். பொதி கிடைக்காவிட்டால் ஒரு சிறு கோப்பையில் காய்ச்சி வடித்த தண்ணீர் வைத்தாலும் காரியம் நடக்கும். ஈரத் துணியால் உட்புறத்தைத் துடைக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அதைச் செய்யாதே. மரத்தின் மேற்பரப்பு சிலும்பும், பலகை வளைந்துவிட்டால் மூடி பிறகு ஒருநாளும் இறுகப் பொருந்தாது.

குழாய்த் தண்ணீரும் வேண்டாம். எங்களுடைய கிணற்றுத் தண்ணீரைச் சொல்லவே வேண்டியதில்லை, சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிற தண்ணீர். கேத்தலின் அடியில் படிகிறது மரத்திலும் பஞ்சிலும் படியாதா?

உட்பலகை ஸ்பானிய சீடர்தானே? அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளில் வளர்கிற மரம் அது. தாவரவியல் கணக்கில் எங்கள் வேம்பும் மகோகனியும் அதன் சொந்தக்காரர். ஈரத்தை வாங்கியும் விட்டும் காற்றைச் சமநிலையில் வைக்கும், இலேசில் பூஞ்சணம் பிடிக்காது, வாசமும் புகையிலைக்கு ஒத்துப்போகும்.

சரி, இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. உன் ஈரமானி காட்டுகிற 55 உண்மையான 55தானா? பெட்டி முகப்பில் பித்தளை வளையத்தோடு வருகிற முள்ளு மானி அழகுக்குத்தான் நல்லது. அதில் 10 புள்ளி பிழைப்பதெல்லாம் சாதாரணம். இலக்கம் காட்டுகிற மானியையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதே. சோதனைக்குக் குசினி உப்பு போதும். ஒரு சோடாப் போத்தல் மூடியில் உப்பை நிரப்பி, சில துளி தண்ணீர் விடு. ஈர மணல் போல இருக்கவேண்டும், கரைந்து தண்ணீராய் ஓடக்கூடாது. மூடியையும் மானியையும் ஒரே பையில் போட்டுக் காற்றுப் புகாமல் பூட்டி, ஒரு நாள் வெயில் படாத இடத்தில் வை. தண்ணீர் இனிமேல் உப்பை ஏற்காது என்ற அளவுக்கு வந்துவிட்டால், அதற்கு மேலே அடைபட்டிருக்கிற காற்று 75இல் நிற்கும். 20 பாகைக்கும் 30 பாகைக்கும் இடையில் அது அசைவதே இல்லை என்று சொல்லலாம். அதனால்தான் உன் வீட்டிலும் என் வீட்டிலும் ஒரே சோதனை செல்லுபடியாகிறது. என்னுடைய மானி 79 காட்டியது. அப்படியென்றால் எப்போதும் 4 கழித்து வாசிக்கவேண்டும். இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி மானியின் முதுகில் ஒட்டிவிட்டேன். உன்னுடையது 71 காட்டினால் உன் 55 உண்மையில் 59. அவ்வளவு பயப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது மூடி. ஒரு காசுத்தாளை விளிம்பில் வைத்து மூடி இழுத்துப் பார். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடம் இறுகவில்லை. நான்கு பக்கமும் பார்க்கவேண்டும். இரவில் உள்ளே ரோச் லைற்றை எரியவிட்டு மூடி, அறையை இருட்டாக்கிப் பார்த்தால் இடுக்கு இருக்கிற இடம் தானே தெரியும். நான் இதைச் செய்துகொண்டிருந்தபோது கறன்ற் போய்விட்டது என்று நினைத்து மனுசி மெழுகுதிரியோடு வந்து நின்றா. நடப்பதைப் பார்த்துவிட்டு, "நெஞ்சுக்குக் கூடாத சாமானுக்கு இவ்வளவு மரியாதையா" என்று கேட்டா. பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. மாதத்துக்கு ஒன்று என்ற எங்கள் ஒப்பந்தத்தை நான் மீறவில்லை என்பதை மட்டும் நினைவூட்டினேன்.

இனி என் பக்கம். நான் மரத்துக்கு ஒரு துளி தண்ணீரும் காட்டவில்லை. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கிற காலத்திலேயே என் அறைக்காற்று 70ஐத் தாண்டி நின்றது, மரம் அதைக் குடித்துத் தானாகவே பதமாகிவிட்டது. இப்போது விடியற்காலையில் அறைக்குள்ளேயே 85க்கு மேலே. இப்படிப்பட்ட ஊரில் ஹியூமிடோர் ஈரம் ஊட்டுகிற பெட்டியாக இருந்து பயனில்லை, ஈரத்தை வெளியே நிறுத்துகிற பெட்டியாக இருக்கவேண்டும். உனக்கும் எனக்கும் ஒரே பெட்டி, ஒரே புத்தகம். வேலைதான் வேறு. எங்களைப் போன்ற கடற்கரை ஊர்க்காரரை நினைத்து அந்தப் புத்தகத்தை யாரும் எழுதவில்லை.

நான் வைத்திருப்பது 65 என்று போட்ட பொதி. இது ஈரத்தைக் கொடுக்கவும் செய்யும், கூடினால் உறிஞ்சவும் செய்யும். 25 சுருட்டுக் கொள்ளளவுக்கு 60 கிராம் பொதி ஒன்று என்பது கணக்கு. உள்ளே எத்தனை சுருட்டு கிடக்கிறது என்று பார்க்காமல், பெட்டியின் அளவைப் பார். நான் ஒன்று கூடவே வைத்திருக்கிறேன். ஆனால் மாரியில் ஊரின் ஈரம் முழுவதையும் அந்தப் பொதியால் குடித்து முடிக்க முடியுமா? ஊதிப்போய்க் கிடக்கிறது, மாற்றத்தான் வேண்டும். அதனால் மரப்பெட்டியை அப்படியே இறுக்கமான மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இறக்கிவிட்டேன். பார்க்க இலட்சணமாக இல்லை, ஆனால் 72 வரை போனது இப்போது 67இல் நிற்கிறது. திறப்பதும் மத்தியானத்துக்குப் பிறகுதான், காற்று கொஞ்சமாவது காய்ந்திருக்கும். சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா மணிகளைப் போடு என்று ஒருவர் யோசனை சொன்னார். அது எந்த இடத்தில் நிறுத்துவதென்று தெரியாமல் இழுத்துக்கொண்டே போகும். மேலிலை வெடித்துவிடும்.

ஈரத்தை ஒருவாறு கட்டலாம், வெக்கைதான் உண்மையான எதிரி. 70 ஈரம், 21 பாகை என்று எல்லோரும் சொல்கிறார்கள். 21 பாகைக்கு இந்த ஊரில் நான் எங்கே போவேன்? என் உள்ளறை அலுமாரியின் அடித்தட்டில்கூட 28. புகையிலை வண்டு ஒன்று இருக்கிறது, மண்ணிறத்தில் மிகச் சிறியது. அதன் முட்டை இலையோடு வந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. சூடான இடத்தில் பொரித்து, சுருட்டில் குண்டூசித் துவாரம் போட்டுக்கொண்டு வெளியே வரும். ஆகவே புதிதாக வருகிற எதையும் இரட்டைப் பையில் கட்டி, உறைபெட்டியில் ஒரு கிழமை வைக்கிறேன். பிறகு ஒரு நாள் பிறிஜின் கீழ்த்தட்டு, அதன் பிறகுதான் அறை. அவசரப்பட்டால் மேலிலை பிளந்துவிடும். இந்தச் சூட்டில் பூஞ்சணத்துக்கும் கொண்டாட்டம் என்பதால் 65க்கு மேலே ஏறவிட எனக்கு விருப்பமில்லை. அந்த அளவில் இழுக்கவும் இலகு, எரிவதும் சீர்.

இதையெல்லாம் செய்யும்போது எங்கள் ஒழுங்கை முடிவில் இருந்த சுருட்டுக் கொட்டில் நினைவுக்கு வருகிறது. ஒரு மானியும் இல்லாமல் பெரியவர் இலையைக் கையில் எடுத்து, இரண்டு விரலால் மடித்து, முறிகிறதா வளைகிறதா என்று பார்ப்பார். முறிந்தால் தண்ணீர் தெளித்துச் சாக்கால் மூடிவைப்பார். சுற்றுகிறவர்களுக்குப் பேப்பர் வாசித்துக் காட்ட ஒருவர் இருந்தாரே, தலையங்கத்தைப் பாட்டுப் போல இழுத்து வாசிப்பார்! ஹவானாவில் 1865ஆம் ஆண்டிலிருந்தே சுருட்டு ஆலைகளில் வாசிப்பாளர்கள் இருந்திருக்கிறார்கள் என்று பிற்பாடுதான் அறிந்தேன். கடலுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் கைக்கு வேலை, காதுக்குக் கதை. ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்கே புகையிலை ஏற்றிய ஊர் இது. இன்றைக்கு நான் கியூபாச் சுருட்டுக்குத் தொட்டில் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மறந்துபோனேன். நீ இங்கிருந்து கொண்டுபோன கோடா என்ற வாசச் சாறு போட்ட சுருட்டுகளைத் தப்பித்தவறியும் அந்தப் பெட்டிக்குள் வைக்காதே. இரண்டு நாளில் எல்லாம் ஒரே வாசம் அடிக்கும். எனக்கு அந்த வாசம் பிடிக்கும், அது வேறு விஷயம். அதற்குத் தனியாக ஒரு பிஸ்கட் ரின் போதும்.

தைப்பொங்கலுக்கு வருவதென்றால் 65 என்று போட்ட பொதி நாலைந்து கொண்டுவா, இங்கே தேடினாலும் கிடைக்காது. உப்புச் சோதனையை முதலில் செய், என்ன இலக்கம் வந்தது என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி