பேத்தியின் கண் நிறம் பற்றி நண்பனுக்கு

சத்துவாச்சாரி, வேலூர்.

அன்புள்ள சம்பந்தம்,

குடியாத்தத்திலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் மகிழ்ந்தேன். ஆனால் பெயர் சூட்டு விழாவுக்கு வந்த உறவினர்கள், குழந்தையின் சாம்பல் கலந்த கண்களைப் பார்த்துவிட்டு, 'இரண்டு குடும்பத்திலும் இல்லாத பூனைக்கண் எங்கிருந்து வந்தது?' என்று உன் மருமகளிடமே கேட்டார்கள் என்று படித்தபோது மனம் மிகவும் வருந்தியது. உயிரியல் ஆசிரியனாக வாழ்ந்தவன் என்ற முறையில், இதற்கு விடை சொல்வது என் கடமை என்று கருதுகிறேன்.

கண்ணில் நீல நிறமியோ பச்சை நிறமியோ கிடையாது. இருப்பது மெலனின் மட்டுமே. கருவிழியின் முன்னடுக்கில் அது மிகுந்திருந்தால் கண் கரும்பழுப்பாகவும், குறைந்தால் வெளிர்பழுப்பாகவும் தெரியும். மிகமிகக் குறைந்தால் உள்ளே புகும் ஒளி சிதறுவதால் நீலமாகத் தோன்றும். பிறந்த குழந்தைக்கு இந்த நிறமி முழுவதும் உருவாகியிருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள் நிறம் நிலைபெறும், சில குழந்தைகளுக்கு மூன்று வயது வரைகூட மாறும் என்பதால், இரண்டு மாதக் குழந்தையின் கண்ணைப் பார்த்து எவரும் எதையும் முடிவு செய்ய இயலாது.

ஒருவேளை அந்த நிறமே நிலைத்துவிட்டாலும் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பழுப்பு ஓங்கு பண்பு, நீலம் ஒடுங்கு பண்பு என்று நாம் பள்ளியில் படித்தது 1907ஆம் ஆண்டுக் கருத்து. அந்த எளிய கணக்கின்படியே பார்த்தாலும், வெளியே தெரியாத ஒடுங்கு மரபணுவைத் தாய் தந்தை இருவரும் சுமந்திருந்தால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் வெளிர்நிறக் கண் அமையலாம். உண்மையோ அதைவிட விரிவானது. 15ஆம் குரோமோசோமில் உள்ள ஓசிஏ2 என்னும் மரபணு மெலனின் உருவாக்கத்தில் பங்கு கொள்கிறது. அதன் செயலைக் கூட்டிக் குறைக்கும் பகுதி, பக்கத்திலுள்ள ஹெர்க்2 மரபணுவுக்குள் அமைந்திருக்கிறது. இவை இரண்டோடும் முடிந்துவிடவில்லை: பெரும்பாலும் ஐரோப்பிய மரபினரான ஏறத்தாழ 1,95,000 பேரை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, கண் நிறத்தோடு தொடர்புள்ள 61 மரபுப் பகுதிகளைக் காட்டியது. பாட்டன் பாட்டியர் வழியில் பல தலைமுறைகளாக மறைந்து வந்த மாற்றங்கள் ஒரு குழந்தையிடம் ஒன்றுசேர்வது முற்றிலும் இயல்பானது. ஆகவே, கண்ணின் நிறத்தை வைத்து ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை எடைபோடுவது அறியாமை மட்டுமன்று, கொடுமையும்கூட. கருவுற்றிருந்தபோது உன் மருமகள் குங்குமப்பூ பால் குடித்ததற்கும் குழந்தையின் கண் நிறத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

வேறு சிலவற்றை மட்டும் கவனித்துக்கொள். இரண்டு கண்களும் வெவ்வேறு நிறமாகவோ மிகத் தெளிவான நீலமாகவோ இருந்தால், செவித்திறனையும் சோதிப்பது நல்லது. வார்டன்பர்க் என்னும் மரபுக் குறைபாட்டில் இத்தகைய கண் நிறமும் செவித்திறன் குறைவும் சேர்ந்து வருவதுண்டு. கண்மணியின் நடுவில் வெள்ளையாக ஏதேனும் மின்னினால், ஒரு நாளும் தாமதிக்காமல் இங்கே ஆரணி சாலையிலுள்ள ஷெல் கண் மருத்துவமனைக்கு அழைத்து வா. நான் உடன் வருகிறேன்.

உன் தமக்கையார் மீண்டும் அந்தப் பேச்சை எடுத்தால், குடும்பத்தார் அனைவரும் இருக்கும்போது இக்கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டு. மருமகளின் சார்பில் முதலில் பேச வேண்டியவன் நீதான்.

அன்புடன்,
தணிகாசலம்