சைட்காரையும் கொஞ்சம் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பைக் பந்தயம் என்றால் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் இரண்டு சக்கரம் மட்டும்தான். பைக்கோடு பக்கவாட்டில் இன்னொரு சக்கரமும் இன்னொரு ஆளுமாக, மூன்று சக்கரத்தில் ஓடும் சைட்கார் பந்தயம் பற்றி ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை. வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன் என்பதால் எனக்கு ஓட்டுபவரைவிட வண்டியைக் கட்டியவர்மேல்தான் கண்.

பழைய படங்களில் வரும் தொட்டி வண்டி இல்லை இது. வளைவில் சாயாது, அதனால் டயர் உருண்டையாக இல்லாமல் கார் டயர் போலத் தட்டையாக இருக்கும். ஓட்டுபவர் முழங்காலிட்டுக் குனிந்திருக்க, பக்கத்தில் இருப்பவர் ஒரு வளைவில் தரையை உரசுகிற மாதிரி வெளியே தொங்குவார், அடுத்த வளைவில் பின்சக்கரத்தின் மேல் ஏறிப் படுப்பார், அவர் எடைதான் வண்டியைக் கவிழாமல் பிடிக்கிறது. ஆகவே கைப்பிடிக் கம்பியை எங்கே பற்றவைப்பது என்பதும் டிசைன்தான்!

ஜெர்மனியின் ஹெல்முட் ஃபாத் கதையையாவது போடுங்கள். 1960-ல் பி.எம்.டபிள்யூ.வில் உலக சாம்பியன். அடுத்த ஆண்டு பெரிய விபத்து. அப்புறம் மனிதர் தானே நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒன்றைச் செய்து, தன் ஊர் ஊர்சன்பாக் பெயரைச் சுருக்கி 'உர்ஸ்' என்று வைத்து, 1968-ல் மறுபடி பட்டம் வென்றார். 1954 முதல் 1967 வரை எல்லாப் பட்டமும் பி.எம்.டபிள்யூ. இன்ஜினுக்கே போயிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பழங்கதை என்றால் சரி, 2023 இருக்கிறது. பிரிட்டன் அருகே உள்ள ஐல் ஆஃப் மேன் தீவின் 60 கிலோமீட்டர் சாலைச் சுற்றை பிர்ச்சால் சகோதரர்கள் சராசரி மணிக்கு 120 மைலுக்கு மேல் ஓட்டினார்கள். சைட்காரில் அதுவே முதல்முறை.

ஒரு வாசகர்