பத்தாவது பெட்டி

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

நேற்று ராத்திரி நீ பேசிவிட்டு போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுபடி போன் போட்டுச் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே முடித்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பியிடம் சொல்லிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன். நிதானமாகப் படி.

ஒரே மாதத்தில் மூன்று இடத்தில் உன் கைவேலையை இலவசமாகக் கேட்டிருக்கிறார்கள் என்றாய். பிள்ளையின் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கம், உங்கள் அபார்ட்மென்ட் ஆட்கள், அப்புறம் அந்த கிளப். எல்லாம் தரும காரியத்துக்கான ஏலம். மூன்று பேரிடமும் ஆமாம் என்று சொல்லிவிட்டு, காசு கொடுத்து ஆர்டர் போட்டவர்களின் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு ராத்திரி ஒரு மணி வரைக்கும் குரோஷா ஊசியோடு உட்கார்ந்திருக்கிறாய். மாட்டேன் என்று சொன்னால் பாவம் போலத் தோன்றுகிறது என்றாய் பார், அந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

கொடுக்காதே என்று நான் சொல்லமாட்டேன். நம் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. சோறு வடிக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்கு எடுத்துப்போகிற வீடு இது. ஆனால் ஆச்சி அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள், உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. பனையோலைப் பெட்டி முடையும்போது ஒன்பது பெட்டி விற்பனைக்கு, பத்தாவது பெட்டி காணிக்கைக்கு. பத்தில் ஒரு பங்கு கொடுக்கிற தசமபாகம் பணத்தில் மட்டும்தானா, கைவேலையிலும் உண்டு என்பார்கள். அந்தப் பத்தாவது பெட்டியைத்தான் ஒருநாள் கூடுதலாக உட்கார்ந்து முடைவார்கள், ஓலையை இன்னும் மெலிதாக வகிர்ந்து, சாயத்தை இரண்டு தடவை காய்ச்சி. பதினொன்றாவதை யார் வந்து கேட்டாலும், "அடுத்த பத்து முடியட்டும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு சங்கடமும் இருக்காது. உனக்கு நான் சொல்ல வந்ததில் பாதி இதுதான்.

அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு உன்னைச் சின்னதில் எத்தனை தடவை கூட்டிப்போயிருக்கிறேன். ஆராதனை முடிந்து கோயில் முற்றத்தில் வேப்பமரத்தடியில் காணிக்கையாக வந்த வாழைத்தார், தேங்காய், பூசணி, முருங்கைக்காய்க் கட்டு, கால் கட்டின சேவல், யாரோ வீட்டில் செய்த கேக் எல்லாம் வரிசையாக இருக்கும். கடைசி தடவை பாலர் பள்ளி ஓட்டுக்கூரை ஒழுகிய வருஷம், ஆச்சியின் மூடிபோட்ட பெட்டி நூறு ரூபாயில் ஆரம்பித்தது. மும்பையிலிருந்து வந்திருந்த மாமா ஒருவர் 2,600-க்கு எடுத்தார். எடுத்தவர் அதைக் கையில் வாங்கி ஒரு தடவை மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "மறுபடி ஏலம் விடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டாவது தடவை 1,900. அவரும் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது தடவை 1,100-க்குப் போய், "மூணு தரம்" சொல்லி முடிந்தது. ஒரே பெட்டி, 5,600 ரூபாய். அத்தனை பேருக்கும் அந்தக் கூரை தெரியும், அதற்குக் கீழே பிள்ளைகள் நனைந்துகொண்டு இருப்பது தெரியும், பெட்டியை முடைந்த கிழவி அங்கேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் தெரியும். விலை ஏறியது அதனால்தான். ஆச்சியின் பெட்டி ஒவ்வொன்றும் 5,600 பெறும் என்று அதற்கு அர்த்தம் கிடையாது, அடுத்த வாரம் சந்தையில் அதே அளவுப் பெட்டியை 250-க்குத்தான் கொடுத்தார்கள்.

இப்போது இன்னொன்று சொல்கிறேன். இதை உனக்கு நான் சொன்னதே இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் டவுனில் ஒரு பெரிய மண்டபத்தில் ஏழைப் பிள்ளைகள் படிப்புக்காக ஏலம் வைக்கிறோம், பன்னிரண்டு பெட்டி வேண்டும் என்று கேட்டார்கள். பெரிய மனிதர்கள் வருவார்கள், உங்கள் பெட்டியைப் பார்ப்பார்கள், பிறகு ஆர்டர் குவியும் என்றார்கள். எனக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. ஐப்பசி மாதம், அடை மழை, வெயிலே இல்லாமல் ஓலை காயவில்லை. குருத்தோலை வெட்ட ஆள் கிடைக்கவில்லை. கிடைத்த ஓலையிலும் பாதி பூஞ்சை பிடித்துப்போனது. தனியாக முடியாது என்று நம் பெட்டி முடைகிற குழுவில் இருக்கிற இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டேன். தரும காரியம்தானே என்று சொல்லி அவர்களுக்குப் பாதிக் கூலிதான் கொடுத்தேன்.

ஏலத்தன்று போய்ப் பார்த்தால், பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி ஒரு மூலையில் மேசைமேல் வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு தாள், வேண்டுகிறவர்கள் விலையை எழுத வேண்டுமாம், ஆரம்ப விலை 50. அறுபதுக்கும் எண்பதுக்கும் போனது. மிச்சம் வந்த நாலு பெட்டி என்ன ஆனது என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. அதைவிட மோசம், எப்போதும் என்னிடம் பெட்டி எடுக்கிற கடைக்காரர் அடுத்த தடவை, "அங்கே எண்பது ரூபாய்க்குப் போச்சாமே, எனக்கு மட்டும் ஏன் 350?" என்று கேட்டார். நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். ஒரு ஆர்டரும் குவியவில்லை.

வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் சொன்னேன். அவர்கள் கடைக்காரரைப் பற்றியும் கேட்கவில்லை, ஏலத்தைப் பற்றியும் கேட்கவில்லை. "ஏட்டி, அந்தக் காணிக்கை உன்னோடதா, அவளுகளோடதா?" என்று ஒரே கேள்விதான். என் தருமத்தை அந்த இரண்டு பெண்களின் கூலியில் செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் காலையில் போய் மீதிக் கூலியைக் கொடுத்தேன். ஒருத்தி வாங்கமாட்டேன் என்றாள், அவள் மகனுக்கு அந்த வாரம் பரீட்சைப் பணம் கட்ட வேண்டியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

நம் ஊர்ப் பக்கம் லேஸ் வந்த கதையே இதைத்தான் சொல்கிறது. 1821 வாக்கில் நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். அவர் மகள் எலைசா 1844-ல் கால்டுவெல் ஐயரைக் கட்டிக்கொண்டு நம் பக்கத்து இடையன்குடிக்கு வந்தபோது அந்தக் கைவேலையும் கூடவே வந்தது. லேஸை வெள்ளைக்காரர்களுக்கு விற்று, வந்த பணத்தில் பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடம் நடந்தது. சரி, அது தருமம். ஆனால் பின்னினவர்களுக்கும் அதில் பங்கு இருந்தது. நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது, அங்கே அடிமை முறையை ஒழித்தது 1855-ல்தான். அதற்கு முன்னாலேயே அடிமையாக இருந்த பெண்கள் லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துக்காகத்தானே என்று சொல்லி அவர்கள் கூலியைப் பிடித்து வைத்திருந்தால் அந்தப் பெண்களின் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்.

அதனால் முதலில் கேட்கிறேன், உன்னிடம் வேலைக்கு வருகிறதே அந்தப் பெண், அவளுக்கு இந்த மூன்று ஏல வேலைக்கும் முழுக் கூலி கொடுத்தாயா? கொடுக்காவிட்டால் இந்தக் கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்க் கொடு. அந்தக் கூலியும் நூல் விலையும் உன் கையிலிருந்து போக வேண்டும். அப்போதுதான் எத்தனை கொடுக்க முடியும் என்பது உனக்கே தெரிந்துவிடும்.

அந்த மூன்றில் பள்ளிக்கூடத்துக்குக் கொடு. அங்கே உன்னைத் தெரியும், பணம் எங்கே போகிறது என்பதை நீ கண்ணால் பார்க்கலாம். அபார்ட்மென்ட்டுக்கு அடுத்த வருஷம் என்று சொல். கிளப்காரர்களிடம் கொஞ்சம் விசாரி. மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் போக மிச்சம் எவ்வளவு, அது யாருக்குப் போய்ச் சேருகிறது, விற்காத பொருள் திரும்பி வருமா, ஆரம்ப விலையை நீ சொல்லலாமா. இதைக் கேட்பது மரியாதைக் குறைவு கிடையாது. நல்ல காரியம் செய்கிறவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். சொல்லத் தயங்கினால் விட்டுவிடு. "இந்த வருஷத்துக்கு வைத்திருந்ததைக் கொடுத்துவிட்டேன், அடுத்த வருஷத்துக்கு இரண்டு மாதம் முன்னால் சொல்லுங்கள்" என்று எழுது, அது பொய்யும் இல்லை, அவர்களுக்கும் மனம் வருந்தாது.

ஆரம்ப விலையை மட்டும் விட்டுக்கொடுக்காதே. உன் மேசைவிரிப்பைக் கடையில் 1,800-க்கு விற்கிறாய் என்றால் ஏலத்தில் ஆயிரத்துக்குக் கீழே ஆரம்பிக்கக் கூடாது, அதற்கு ஆள் இல்லாவிட்டால் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. மலிவாக நாலு சாமான் கொடுப்பதைவிட ஒன்றே ஒன்று, நிறைவாகக் கொடு. நான் அனுப்புகிற பெட்டியை வெறும் பெட்டியாக வைக்காமல் உள்ளே அரை கிலோ கருப்பட்டியும் நாலு முந்திரிக்கொத்துப் பலகாரமும் வைத்துக் கொடுத்தால், தூக்கிப் பார்க்கிறவன் கீழே வைக்கமாட்டான். கூடவே ஒரு அட்டையில், பனங்குருத்தோலை, இத்தனை நாள் வேலை, இன்ன ஊர்ப் பெண்கள் முடைந்தது, கடை விலை இவ்வளவு என்று எழுதி வை. அந்தக் கடை விலை எழுதியிருப்பது முக்கியம், அது இல்லாமல்தான் எனக்கு அந்தக் கடைக்காரரிடம் வாயடைத்துப்போனது. உன் போன் நம்பர் அட்டைக்குப் பின்பக்கம் இருந்தால் போதும்.

இன்னொன்று. "நீங்கள் கேட்பதை நான் பின்னித் தருகிறேன்" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டாயே, வேண்டாம். அதை எடுத்தவர் கட்டில் முழுக்க மூடுகிற விரிப்பு கேட்டால் என்ன செய்வாய்? கொடுத்தே தீர வேண்டுமென்றால் அளவு, நிறம், எந்தத் தேதிக்குள் என்று எல்லாவற்றையும் சீட்டிலேயே எழுதிவிடு.

வரி விஷயம் கேட்டாய். நம் குழுவின் கணக்கு பார்க்கிற ஆடிட்டரிடம் விசாரித்தேன். 80ஜி என்று சொல்கிறார்களே, தருமத்துக்குக் கொடுத்ததற்கு வருமான வரியில் கிடைக்கிற கழிவு, அது பணமாகக் கொடுத்தால்தான், பொருளாகக் கொடுத்தால் கிடையாது. பணத்திலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடையாது. நீ புதிய வரிமுறையில் இருந்தால் அந்தப் பேச்சே இல்லை. நாளைக்கு ஜிஎஸ்டி பதிவு எடுத்தாயானால், இலவசமாகக் கொடுத்த பொருளுக்காக வாங்கின நூலுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. அதனால் வரி மிச்சமாகும் என்று நினைத்துக் கொடுக்காதே. ஆனால் ரசீது வாங்கு, நோட்டில் தேதி போட்டு எழுதி வை, இந்த வருஷம் எத்தனை கொடுத்தோம் என்று திருப்பிப் பார்க்க வசதியாக இருக்கும்.

விளம்பரம் கிடைக்கும் என்பதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கிடைத்தால் நல்லது, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்து ஏலத்தில் எடுத்த ஒரு அம்மா நாளைக்கு உன்னிடம் பேரப்பிள்ளைக்குச் சட்டை பின்னித் தரச் சொல்லலாம். ஆனால் அதை எதிர்பார்த்துக்கொண்டு போய் நின்றால், ஒவ்வொருவரும் உன் சாமானைத் தாண்டிப் போகும்போது உனக்கு வயிறு எரியும். நான் அந்த மண்டபத்தில் அப்படித்தான் நின்றேன். கோயில் முற்றத்தில் ஆச்சி உட்கார்ந்திருந்தது வேறு மாதிரி. இரண்டு இடத்திலும் உன் அம்மா இருந்தவள், அதனால் சொல்கிறேன். ஏலத்தன்று முடிந்தால் நீயும் அங்கே போய் இரு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ, யார் எடுக்கிறார்கள் என்று பார்.

இங்கே இப்போது நல்ல வெயில். போன வாரம் வெட்டின குருத்தோலை நன்றாகக் காய்ந்துவிட்டது. ஆச்சிக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்றாலும் அடிப்பாகத்தை அவர்களே ஆரம்பித்துக் கொடுக்கிறார்கள், விரல் தன்னால் போகிறது. நீ கேட்ட ஒன்பது பெட்டியும் வெள்ளிக்கிழமை பஸ் பார்சலில் வரும். பெங்களூர் மடிவாளாவில் வந்து வாங்கிக்கொள். பத்தாவதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், அது பள்ளிக்கூடத்துக்கு. மூடிக்குச் சிவப்புச் சாயமா பச்சையா என்று நாளைக்குள் சொல், தண்ணீர் கொதிக்க வைக்க வேண்டும்.

அம்மா