ஆயில் குறையவில்லை, மகளே

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நலம். 14 ஆண்டுகளாகக் கராஜ் மூலையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த நம் ஜான் டீர் 110 டிராக்டரை இந்தக் குளிர்காலத்தில் பிரித்துப் பழுதுபார்த்தேன். அதற்குள் கண்ட ஒன்றைத் தொலைபேசியில் சொல்ல மனம் ஒப்பவில்லை. எழுத்தில் சொல்வதே முறை என்று தோன்றியது.

அந்த நாள் உனக்கு நினைவிருக்கும். உனக்கு அப்போது 16 வயது. கொல்லைப்புறத்துப் புல்லில் பாதி வெட்டியிருந்தாய். உள்ளே சுத்தியலால் அடித்ததுபோல் ஒரு சத்தம் கேட்டு எஞ்சின் நின்றது. ஓடி வந்த நான், பக்கத்து வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆயில் பார்க்காமல் ஓட்டினாயா என்று கத்தினேன். "பார்த்தேன் அப்பா" என்றாய். நான் நம்பவில்லை. அதிலுள்ள கோலர் கே181 எஞ்சினில் ஆயில் பம்பு கிடையாது. பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறிய விரல்தான் சுழலும்போதெல்லாம் ஆயிலை அள்ளி உள்ளெங்கும் தெளிக்கிறது. ஆயில் மட்டம் இறங்கினால் முதலில் உடைவது அந்த அலுமினிய ராடுதான். இது தெரிந்த திமிரில்தான் அவ்வளவு உறுதியாகப் பேசினேன். அதன்பிறகு நீ அந்த இருக்கையில் ஏறவே இல்லை.

ஜனவரியில் வேலையைத் தொடங்கியபோது முதலில் ஆயில் குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். முழு அளவுக் கோடு வரை ஆயில் இருந்தது. இடையில் யாரும் ஊற்றவில்லை. நீ ஓட்டியபோது இருந்த அதே ஆயில். வடித்துப் பார்த்தால் கரிய ஆயிலுக்குள் அலுமினியத் துகள்கள் விளக்கொளியில் மினுங்கின. எஞ்சினின் அடித்தட்டைக் கழற்றிக் கைவிளக்கை உள்ளே காட்டினேன். ராடைக் கிராங்கோடு சேர்த்துப் பிடிக்கும் மூடி, ஒரு போல்ட் அறுந்து மற்றொன்றில் தொங்கிக்கொண்டிருந்தது. ராடிலும் மூடியிலும் ஆளுக்கொரு சிறிய மேட்டுக்குறி வார்த்திருப்பார்கள். பூட்டும்போது இரண்டும் ஒரே பக்கம் அமைந்து, கிராங்க் தண்டின் முனையில் சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலை நோக்கியிருக்க வேண்டும். அங்கே ராடின் குறி ஃப்ளைவீல் பக்கமும் மூடியின் குறி எதிர்ப்பக்கமும் இருந்தன. அப்படித் திருப்பிப் பூட்டினால் ராடும் மூடியும் சேர்ந்து அமையும் வளையம் சரியாகப் பொருந்தாது. ஓட ஓடச் சூடேறி, தேய்ந்து, ஒரு நாள் விட்டுப்போகும். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் பிஸ்டன் ரிங் மாற்ற அந்த எஞ்சினைத் திறந்தவன் நான். வேறு யாரும் கை வைக்கவில்லை.

அன்று கராஜில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் வேலையைத் தொடர முடிந்தது.

பாத்திரத்துக்கு ஈயம் பூசியதுபோல் ராடு பூட்டும் கிராங்க் பின்னில் அலுமினியம் அப்பியிருந்தது. பஞ்சில் அமிலம் தொட்டுக் கரைத்து அதை எடுத்தேன். அடியில் கீறல்கள் இருந்ததால், லேத் பட்டறையில் கொடுத்து ஆயிரத்தில் 10 பங்கு அங்குலம் தேய்த்துக் குறைத்து, அந்த அளவுக்கேற்ற புதிய ராடு வாங்கினேன். 1965ஆம் ஆண்டு வண்டிக்கு இன்னும் உதிரிபாகம் கிடைக்கிறது என்பதே எனக்கு மகிழ்ச்சி. வண்டி செய்த ஹோரிகான் ஊரும் எஞ்சின் செய்த கோலர் ஊரும் நம் விஸ்கான்சினிலேயே உள்ளன. 1963இல் ஜான் டீர் நிறுவனம் தோட்டத்து டிராக்டர் செய்யத் தொடங்கியதே இந்த 110இல்தான். இம்முறை மூடியைப் பூட்டுமுன் இரண்டு குறிகளையும் கண்ணால் பார்த்து, விரலால் தடவிப் பார்த்து, அம்மாவையும் அழைத்துப் பார்க்கச் சொன்னேன்.

தீப்பொறியை உண்டாக்கத் திறந்து மூடும் பாயிண்ட்டின் இடைவெளியை 0.020 அங்குலத்தில் வைத்து, தீப்பொறி நேரத்தைக் காட்ட ஃப்ளைவீலில் உள்ள எஸ் குறி பார்வைத் துளைக்கு நேரே வரும்போது சோதனை விளக்கு அணைகிறதா என்று பொறுமையாகச் சரிசெய்தேன். கார்புரேட்டரைக் கழுவியதும் பச்சை வண்ணம் அடித்ததும் சில நாள் வேலைதான். சென்ற ஞாயிறு சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் பெல்ட் முனகியது, நான்காவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. எட்டுக் குதிரைத்திறனும் குறையாமல், தட்டல் இல்லாமல் ஓடுகிறது.

நீ ஆயில் பார்த்துத்தான் ஓட்டினாய். நீ சொன்னது உண்மை. உன்னைப் பொய் சொல்கிறவளாக்கியது என் தவறு. மற்றவர் முன்னால் கத்தியதற்கும் இத்தனை ஆண்டு அதைத் திரும்ப எண்ணிப் பார்க்காததற்கும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பக்கத்து வீட்டாரிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

புல் வெட்டும் தட்டை இன்னும் மாட்டவில்லை; பிளேடு சாணை பிடிக்க வேண்டும். மே மாதம் நீ வரும்போது புல் வளர்ந்திருக்கும். பழைய ராடை எறியாமல் மேசை இழுப்பறையில், அந்த மூடி தொங்கும் நிலையிலேயே வைத்திருக்கிறேன். குறிகள் இரண்டும் எந்தெந்தப் பக்கம் இருக்கின்றன என்று நீயே பார்.

அன்புடன்,
அப்பா